சீல் உடையவில்லை

அத்தியாயம் 14

போன வாரம் ஃபோன் மணி அடித்ததோடு நிறுத்தியிருந்தேன். எடுத்தவள் மருமகள். பேசினவன் ரத்தப் பரிசோதனை நிலையத்து மேனேஜர். அவன் பேசியது மொத்தமே நாலு வரி.

"மேடம், உங்களுக்குத் தகவல் கொடுத்தது எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. காலை ஆறு மணி ஷிஃப்ட். அதுல ரெண்டே பேர். ஷிஃப்ட் முடிஞ்சாலும் ரெண்டு பேரையும் வீட்டுக்கு விடாம, இன்னிக்கு நாலு மணிக்கு எதிர்ல உக்கார வெச்சுக் கேக்கப் போறேன். சாயங்காலம் உங்க நிகழ்ச்சியில எங்களைப் பத்திப் பேச்சே வராதுன்னா சொல்லுங்க, நானும் கேக்கறதை விட்டுடறேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வைத்துவிட்டான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மருமகள் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு வானொலியில் அரை மணி நேரம் பேசுகிறாள். கம்ப்யூட்டரில் இந்த வாரம் எங்கே திருட்டுப் போனது, எந்தக் கம்பெனியில் என்ன ஓட்டை, பாஸ்வேர்டை எப்படி வைப்பது, என்கிரிப்ஷன் என்றால் என்ன, இப்படி. தெருவில் அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர். என் மகன் லிஃப்ட் மெக்கானிக். நான் முப்பத்தாறு வருஷம் கன்டெய்னர் லாரி ஓட்டியவன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும்.

அதனாலேயே எங்கள் வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் உண்டு. மருமகள் எழுதியதை ஒலிபரப்புக்கு முன்னால் நான் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். புரியாத இடத்தில் மேசையில் ஒரு குட்டு. குட்டு விழுந்த வரியை அவள் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். எனக்கே புரிந்துவிட்டால் உலகத்தில் எவனுக்கும் புரியும் என்பது அவள் எண்ணம். மரியாதைதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இந்த வாரத்து விஷயம் அந்தப் பரிசோதனை நிலையம். நாற்பதாயிரம் பேருடைய ரத்த ரிப்போர்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எவனுக்கு என்ன வியாதி, எவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், எல்லாம். வாசலில் பெரிய பலகை: "உங்கள் விவரங்கள் முழு என்கிரிப்ஷன் பாதுகாப்பில்." உள்ளே நிலவரம் வேறு என்று அங்கேயே வேலை பார்க்கிற ஒருவர் மருமகளுக்கு ஃபோன் மெசேஜில் ரகசியமாகச் சொல்லியிருந்தார். அவள் நிலையத்துக்கு எழுதினாள். சரி செய்யுங்கள், பதினைந்து நாள் தருகிறேன், அதுவரை பேசமாட்டேன் என்று. மூன்று தடவை எழுதினாள். பதில் இல்லை. பதினைந்தாவது நாள் இந்த வெள்ளிக்கிழமை. வந்த பதில் இந்த ஃபோன்.

வெள்ளிக்கிழமை காலை மணி ஒன்பதரை. சமையலறை மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

"எப்படி மாமா தெரிஞ்சுது?" என்றாள். "இது தெரிஞ்சது உலகத்துல ரெண்டு பேருக்கு. தகவல் சொன்னவங்களுக்கு, எனக்கு."

"மூணு பேர்."

"மூணாவது யாரு?"

"அந்த மெசேஜ் கம்பெனிக்காரன். அவன் ஊடால உக்காந்து எல்லாத்தையும் படிக்கிறான். நான் எத்தனை தடவை சொன்னேன்."

"அவனால படிக்க முடியாது மாமா."

"ஏன், அவனுக்கும் மூணாங்கிளாஸா?"

அவள் சிரிக்கவில்லை. விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்தாள். "இதோ பாருங்க. இந்தப் பக்கம் அவங்க ஃபோன். இந்தப் பக்கம் என் ஃபோன். அவங்க எழுதினதும் அது அவங்க ஃபோனுக்குள்ளேயே கலைஞ்சுடும். ஒரு எழுத்து கூட ஒழுங்கா இருக்காது. கலைஞ்ச படிதான் கம்பெனி வழியா வருது. திரும்ப ஒழுங்கு பண்ற சாவி என் ஃபோனுக்குள்ள மட்டும்தான் இருக்கு. கம்பெனிக்காரன் கையில வெறும் குப்பைதான் கிடைக்கும்."

"டூப்ளிகேட் சாவி?"

"கிடையாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வான். வீட்டு ஓனர் கூட."

"கணக்கு மாமா. எல்லாக் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் போட்டு ஓட்டினாலும் அதை உடைக்க நம்ம ஆயுசு போதாது."

நான் யாரையும் நம்பி ஓட்டியவன் இல்லை. ஆனால் பூட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கன்டெய்னர் கதவில் ஆணி மாதிரி ஒரு சீல் அடிப்பார்கள். அதில் நம்பர் இருக்கும். போய்ச் சேருகிற இடத்தில் நம்பரைப் பார்த்து, சீல் உடையவில்லை என்று கையெழுத்துப் போட்டு, கதவைத் திறந்தால் உள்ளே பாதிச் சரக்கு இருக்காது. முதல் தடவை என் பிழைப்பே போகப் பார்த்தது. பிறகுதான் ஒருவன் காட்டினான். எந்தத் திருடனும் சீலைத் தொடுவதில்லை. கதவைப் பிடித்திருக்கிற கீல் போல்ட்டைக் கழற்றுவான், கதவையே தூக்கி ஓரமாக வைப்பான், எடுப்பான், திரும்ப மாட்டுவான். சீல் பத்திரமாக இருக்கும்.

அதை அவளிடம் சொன்னேன். "உன் பூட்டு உடையலேன்னே வெச்சுக்க. கீல் எங்க இருக்குன்னு பாரு."

அவள் நிமிர்ந்தாள். ஃபோனை எடுத்து மேலும் கீழும் தள்ளினாள். "ஷிஃப்ட்டைப் பத்தி ஒரே ஒரு மெசேஜ்லதான் இருக்கு. புதன்கிழமை வந்தது. காலையில பத்தே கால்."

"காட்டு."

காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எனக்கு ஒரே ஒரு விதமாகத்தான் படிக்கத் தெரியும்.

"ஒ... ரு... வி... ஷ... யம். காலை ஆறு மணி ஷிஃப்ட் என்று மட்டும் எங்கேயும் வர வேண்டாம். அதில் நாங்கள் இரண்டே..."

அங்கே நின்றேன். அதற்கு மேல் எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வரி எனக்கு மனப்பாடமாக இருந்தது. "உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்" என்பது அது.

புதன்கிழமை பத்தே காலுக்கு நான் எங்கே இருந்தேன்? முகம் மழிக்கும் நாள். சலூனில். மடியில் டேப்லட்.

மகன் எனக்கு ஒரு பழைய டேப்லட்டைத் தயார் பண்ணிக் கொடுத்திருந்தான். மருமகள் எழுதுவது அதில் வந்து விழும். புதன்கிழமை நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது அது டிங் என்றது. இந்த வாரத்து ஸ்கிரிப்ட் வந்துவிட்டது என்று நினைத்து, நல்ல சத்தமாகவே படித்தேன். சலூனில் படித்தால் எனக்கு ஒரு பெருமை. படித்துவிட்டு வழக்கம் போல முடிவெட்டுகிறவனிடம் கேட்டேன், "புரியுதாடா?" அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நல்லா புரியுதுண்ணே. பூட்டம்மா நிகழ்ச்சி இந்த வாரம் கதை மாதிரி போகுதே!" என்றான்.

பக்கத்து நாற்காலியில் ஒருவன் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் என்னையே பார்த்தது. காலடியில் ஒரு ஐஸ் பெட்டி. அதன் மேல் பரிசோதனை நிலையத்துச் சீட்டு. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவன்.

காலையிலிருந்து நான் கம்பெனிக்காரனைத் திட்டியாயிற்று, கம்ப்யூட்டரைத் திட்டியாயிற்று. இப்போது ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"இதைப் புதன்கிழமை சலூன்ல படிச்சேன்," என்றேன். "சத்தமா. அந்த லேப்புக்குப் பெட்டி தூக்கறவன் பக்கத்துல இருந்தான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"டேப்லட்டைக் கொண்டாங்க," என்றாள்.

கொண்டுவந்தேன். திறந்து பார்த்தாள். அவளுக்கு வந்த அத்தனை செய்தியும் அதிலும் வரிசையாக நின்றது. மகனுக்கு ஃபோன் போட்டாள். அவன் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தான், குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"அப்பா டேப்லட்டுல என் கணக்கு எப்படி வந்துச்சு?"

"நான்தான் சேர்த்து விட்டேன். நீ ஒவ்வொரு வாரமும் தனித்தனியா அனுப்பற தொல்லை இருக்காதேன்னு. உன் ஃபோனை டேப்லட்டுக்கு நேரா காட்டினா போதும், சேர்ந்துடுது."

"என் ஃபோன் பூட்டியிருக்குமே."

குழிக்குள் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "முதல்ல என் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தேன். திறக்கலை. அப்புறம் உன் பிறந்த நாளைப் போட்டேன். திறந்துடுச்சு," என்றான். "கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு."

"பிறந்த நாளை வைக்காதீங்கன்னு வாராவாரம் ஊருக்கே சொல்றவ நான்," என்றாள் அவள். அதை அவனிடம் சொன்னாளா, சுவரிடம் சொன்னாளா தெரியவில்லை. வைத்துவிட்டு டேப்லட்டிலிருந்து தன் கணக்கை வெட்டிவிட்டாள். ஃபோனுக்கு வேறு பாஸ்வேர்டு வைத்தாள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நான் போய் அந்த மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்," என்றேன். "கிழவன் உளறினேன், அதுல ஒண்ணுமில்லைன்னு."

"நீங்க போய் மன்னிப்புக் கேட்டாலே மெசேஜ் வந்தது உண்மைன்னு ஆயிடும் மாமா. அவங்களை நீங்களே கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்ட மாதிரி."

"அப்ப பெட்டிக்காரனைப் போய் ரெண்டு போடறேன்."

"அவன் காதுல விழுந்ததை அவன் சொன்னான். வாய் யாரோடது?"

மாட்டப் போன செருப்பைத் திரும்பக் கழற்றினேன்.

அவள் தகவல் கொடுத்த ஆளுக்கு ஃபோன் போட்டாள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. இருந்து கேட்கட்டும் என்று நினைத்திருப்பாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல். பின்னால் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம். மருமகள் ஒன்றையும் மறைக்கவில்லை, பூசி மெழுகவில்லை. டேப்லட், சலூன், பெட்டிக்காரன், நாலு மணி, எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு எங்க வீட்டுல. நீங்க நிறுத்துங்கன்னா நிகழ்ச்சியை நிறுத்திடறேன். முடிவு உங்களோடது."

மெஷினை நிறுத்தினாள் போல, அந்தச் சத்தம் அடங்கியது.

"நிறுத்தாதீங்க," என்றது குரல். "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணோட ரிப்போர்ட் அதுல இருக்கு. என் ரிப்போர்ட்டும் இருக்கு. பதினைஞ்சு நாள் பொறுத்தாச்சு."

"நாலு மணிக்குக் கூப்பிடறாங்களே."

"அதான் சிக்கல். நாலு மணிக்குக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன். என்கூட வேலை பாக்கறவருக்கு இதுல ஒண்ணுமே தெரியாது, அவர் தலை உருள நான் விடமாட்டேன். ஆனா நான் ஒத்துக்கிட்டா அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டரைத் துடைச்சு வெச்சுட்டு, வேலையை விட்டுத் துரத்தின பொம்பளை கிளப்பின புரளின்னு சொல்லிடுவாங்க. உங்க நிகழ்ச்சி முதல்ல வெளிய போயிடணும். அதுக்கப்புறம் நானே சொல்லிக்கறேன்."

"ரெண்டு மணி நேரம்," என்றாள் மருமகள்.

"ரெண்டு மணி நேரம் அந்த மனுஷனை யாராவது பிடிச்சு வெக்கணும்." பிறகு, "சத்தமா படிக்கிற பெரியவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"வாய் நல்லா பேசுவாரா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "அதுல குறை சொல்ல முடியாது," என்றாள்.

அவளுக்கு முழு மனசு இல்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அந்த மெசேஜைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது மாமா. ஆமான்னும் வரக்கூடாது, இல்லைன்னும் வரக்கூடாது."

"அது எனக்குத் தெரியாதா?"

"புதன்கிழமை தெரியலையே."

பொறுத்துக்கொண்டேன்.

மூன்றே முக்காலுக்கு நிலையத்தில் இருந்தேன். கையில் என் பழைய சர்க்கரை ரிப்போர்ட், இரண்டு மாதத்துக்கு முன்னால் அங்கேயே எடுத்தது. கூடத்தில் கூட்டம். சோதனைக்குக் கை நீட்டியவர்கள், ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்கள், பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். முன் மேசைப் பெண்ணிடம் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அவர் மீட்டிங்ல சார்."

"இன்னும் ஆரம்பிக்கலையேம்மா. கண்ணாடி வழியா தெரியுது."

போய்விட்டேன். சின்ன அறை. முழங்கை நீட்ட இடமில்லை. மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி தயாராகப் போட்டிருந்தான். ஒன்றில் உட்கார்ந்தேன். இன்னொன்றில் என் பையை வைத்தேன்.

மேனேஜர் நாற்பது வயது, சட்டையில் சுருக்கமே இல்லை. "சொல்லுங்க சார், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"எனக்கு மூணாங்கிளாஸ். கொஞ்சம் மெதுவாத்தான் வரும்," என்று ரிப்போர்ட்டைப் பிரித்து முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். என் பெயர், வயது, ஊசி குத்திய நேரம், டாக்டர் கையெழுத்து, பட்டம் ஒவ்வொன்றும். கதவு திறந்திருந்தது. கூடத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் கிழவனை அதட்ட அவனுக்குத் துணிவில்லை.

"சந்தேகம் என்ன சார்?"

"வாசல்ல பலகை வெச்சிருக்கீங்களே. முழு என்கிரிப்ஷன். அப்படின்னா?"

"உங்க ரிப்போர்ட்டை யாரும் படிக்க முடியாதுன்னு அர்த்தம்."

"யாருமா?"

"யாரும்."

"நீங்க?"

"நாங்க படிக்கலாம் சார். எங்ககிட்ட சாவி இருக்கு."

"சாவி எங்க இருக்கு?"

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "பத்திரமா இருக்கு."

"என் வீட்டுச் சாவி என் இடுப்புல இருக்கு. அது பத்திரம். உங்களோடது எங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார். செக்யூரிட்டி."

"அப்பறம் எப்படி நான் நம்பறது?"

"நம்பித்தான் சார் ஆகணும்."

"அதுதான் எனக்கு வராது," என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன்.

இப்படியே நாலரை. கதவருகில் ஒரு பள்ளிப் பேருந்து டிரைவர் வந்து நின்றுகொண்டார். "பெரியவர் கேக்கறது நியாயம்தானே?" என்றார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், "என் பேரும் இதுலதான் இருக்கா?" என்றாள். மேனேஜர் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. முள் நகர்ந்தது.

ஐந்து மணிக்கு என் கெட்ட காலம் ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தது.

நுரை இல்லாமல் அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். சாதாரண முகம். என்னைப் பார்த்ததும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டான். மேனேஜர் காதில் குனிந்தான். சின்ன அறையில் காதில் சொல்வதற்கும் மேடையில் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை. "சார், சலூன் பெரியவர் இவர்தான்."

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினான். குரலை மாற்றிக்கொண்டான். "அப்ப நீங்க அந்த மேடத்தோட..."

"மாமனார்."

"அன்னிக்கு என்ன படிச்சீங்க? எழுதினது யாரு? மேல பேர் இருந்திருக்குமே. சொல்லிட்டீங்கன்னா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வேலை மிஞ்சும். இல்லைன்னா ரெண்டு பேரையும் அனுப்ப வேண்டி வரும். அந்தப் பாவம் உங்களுக்கு வேணாம்."

இவன் செய்யக்கூடியவன். அதே சமயம் ஒன்று புரிந்தது. இனி நான் அவனைப் பிடித்து வைக்க வேண்டாம். அவனே என்னைப் பிடித்து வைப்பான்.

"பேசலாம்," என்றேன். "முதல்ல டீ சொல்லுங்க."

டீ வந்தது. மெதுவாகக் குடித்தேன். பிறகு பேசினேன். அவன் கேட்டது ஒரு பெயர். நான் கொடுத்தது முப்பத்தாறு வருஷம். முதல் லாரி வாங்கின முதலாளி, அவன் மச்சான், கியர் பெட்டி உடைந்து மூன்று நாள் மலைப் பாதையில் கிடந்தது, பிரேக் எண்ணெய் தீர்ந்துபோய்க் கீழே இறங்கினது. ஒவ்வொன்றுக்கும் நடுவில், "அதான் சொல்ல வரேன்" என்று ஒன்று போட்டேன். அந்தச் சொல்லுக்கு அவன் ஒவ்வொரு தடவையும் முன்னால் சாய்ந்தான். பெட்டிக்காரனும் சாய்ந்தான். அவன் கொண்டுவந்த பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முகம் மாறியது.

"என்னை வெச்சு விளையாடறீங்களா?" என்று எழுந்தான். கதவைத் திறந்து, "ஆறு மணி ஷிஃப்ட் ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க!" என்று கத்தினான்.

நானும் எழுந்தேன். எழுந்தவன் வாசலில் நின்றுவிட்டேன். என் உடம்பு அந்த வாசலுக்குச் சரியாக இருந்தது.

"நகருங்க சார்."

"கால் மரத்துப் போச்சு தம்பி. ரெண்டு மணி நேரமா உக்கார வெச்சுட்டீங்களே."

"நானா உக்கார வெச்சேன்?"

"டீ யார் சொன்னது?"

வாசலுக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண், கொண்டையில் பேனா செருகியிருந்தாள். கூட ஒரு நெட்டை மனுஷர், கையுறை கழற்றாமல். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மேனேஜர் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "கிழவரைத் தள்ளாதீங்கய்யா!" என்று பேருந்து டிரைவர் சத்தம் போட்டார். தள்ளின கை விட்டது. அப்புறம் மன்னிப்பு, தண்ணீர், நாற்காலி. எனக்கு நாற்காலி வேண்டாம் என்றேன். பிறகு வேண்டும் என்று அறைக்குள் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்; அந்த இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

கூடத்தில் யாரோ ஃபோனில் வானொலியைத் திருப்பினார்கள். எல்லா வெள்ளிக்கிழமையும் கேட்கிற ஆள் போல. ஆறு மணி மணியோசை. பிறகு எங்கள் வீட்டுக் குரல்.

அவள் அன்றைக்குப் பேசிய மாதிரி என்றும் பேசியதில்லை. அவசரமே இல்லை. ஒரு வார்த்தைக்குக் கூட என் கை குட்டப் போகவில்லை.

"நல்ல பூட்டுன்னா என்ன தெரியுமா? செஞ்சவனாலேயே சாவி இல்லாம திறக்க முடியாத பூட்டு. அந்த மாதிரி பூட்டு இன்னிக்கு எல்லார் ஃபோன்லயும் இருக்கு. அந்தப் பரிசோதனை நிலையத்துலயும் அதே நல்ல பூட்டைத்தான் போட்டிருக்காங்க. பலகையில எழுதினது பொய் இல்லை. ஆனா சாவியை அந்தப் பூட்டுக்குப் பக்கத்துலயே தொங்க விட்டிருக்காங்க. வெளியாள் யார் வேணும்னாலும் எட்டி எடுக்கற மாதிரி. எங்க தொங்குதுன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா முதல்ல அங்க போய் நிக்கறது திருடன்தான். பதினைஞ்சு நாளா அவங்களுக்கு எழுதிட்டோம். சாவியை மாத்தி வேற இடத்துல வைக்க அரை நாள் வேலை. உங்க ரிப்போர்ட் அங்க இருந்தா நேரா போய் ஒரே கேள்வி கேளுங்க: எப்ப மாத்துவீங்க?"

ஒரு மூச்சு விட்டாள். அடுத்தது ஸ்கிரிப்டில் இல்லாதது.

"ஊருக்குச் சொல்றது சுலபம். என் ஃபோனுக்கு நான் என் பிறந்த நாளையே பாஸ்வேர்டா வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் மாத்தினேன். நீங்களும் இன்னிக்கே மாத்திடுங்க."

கூடத்தில் ஒருவர் எழுந்தார். பிறகு வரிசையாக எழுந்தார்கள். பஞ்சைப் பிடித்தபடியே அறை வாசலுக்கு வந்தார்கள். "எப்ப மாத்துவீங்க?" என்றார் பேருந்து டிரைவர். "என் ரிப்போர்ட் அதுல இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள் குழந்தைக்காரி.

மேனேஜர் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அவனுக்கு அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பெரிதாகப் படவில்லை, ஆள்தான் வேண்டியிருந்தது.

"ரெண்டு பேர்ல யாரு?" என்றான். "இப்பவே சொல்லணும்."

கொண்டையில் பேனா செருகிய பெண் வாயைத் திறந்தாள். காலையில் ஃபோனில் கேட்ட குரல் வரப்போகிறது என்று நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வரவில்லை. அதற்கு முன்னால் நெட்டை மனுஷர் கையுறை இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் சார். அனுப்பினது நான்."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. இது பேசி வைத்துக்கொண்டது இல்லை. அவளுக்கும் இது புதுசு.

மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. என் பக்கம் குனிந்தான். "பெரியவரே, நீங்க பேரைப் பார்த்திருப்பீங்க. இவரா?"

கூடம் முழுக்க என் வாயைப் பார்த்தது. ஆமாம் என்றால் ஒன்றும் அறியாத மனுஷனுக்கு வேலை போகும். இல்லை என்றால் அவளுக்குப் போகும், அவர் பொய்யர் ஆவார். அவள் கண் என்னை இல்லை என்று சொல்லச் சொன்னது. அவர் கண் ஆமாம் என்று சொல்லச் சொன்னது. நான் எதிரே இருந்த டீ கிளாசை எடுத்தேன். காலியாக இருந்தது. அதையே குடித்தேன்.

"அவரை ஏன் சார் தொந்தரவு பண்றீங்க?" என்றார் நெட்டை மனுஷர். "ரேடியோல வந்தது பாதிதான். மீதி என்கிட்ட இருக்கு. யார் யார் ரிப்போர்ட் இதுக்கு முன்னாடியே வெளிய போயிருக்குங்கற லிஸ்ட்."

அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தப் பார்த்தான். வெளியிலிருந்து ஒரு கை அதைப் பிடித்தது. பிறகு நாலைந்து கைகள்.

"திறந்தே இருக்கட்டும்," என்றாள் குழந்தைக்காரி. "எங்க பேரைத்தானே படிக்கப் போறாரு."